காலுக்கு மானியம் தேடியபோது

எனக்கு யாரிடமும் கைநீட்டிப் பழக்கமில்லை. இருபத்தைந்து வருடம் அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தொண்டு கிளினிக்கில் சேர்ந்தேன். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. சொல்லிக்கொடுப்பது என்று பேருக்குத்தான் சொல்கிறேன், பெரும்பாலும் திட்டுவதுதான். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன், கீரையும் மீனும் என்று பொய் சொல்வார்கள், இரத்தப் பரிசோதனை உண்மையைப் போட்டு உடைக்கும், நான் ஆரம்பித்துவிடுவேன். ஆனாலும் வருவார்கள். மிஸ்ஸி திட்டுனாதான் மருந்து வேலை செய்யுது என்று ஒருவர் என் காதுபடவே சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள், எனக்கு அறுபது ஆனபோதும் மிஸ்ஸிதான்.

கிளினிக் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கிறது. படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். கால் மரத்துப் போனவர்கள் வருகிற இடத்துக்கு இப்படி ஒரு படிக்கட்டா என்று செயற்குழுவிடம் கேட்டேன். வாடகை குறைவு என்றார்கள்.

அந்தக் கால்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. ஒரே வருடத்தில் எங்கள் நோயாளிகள் மூன்று பேருக்குக் கால் போனது. ஒருவர் டாக்சி ஓட்டியவர், செருப்புக்குள் கிடந்த சின்ன ஆணியோடு ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டியிருக்கிறார், தெரியவில்லை. இன்னொருவர் உச்சி வெயிலில் கோயிலை வெறுங்காலோடு சுற்றிவிட்டு, உள்ளங்கால் கொப்புளித்ததை மூன்றாம் நாள் தரையில் ஈரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் வலி தெரியாது. நேரத்தோடு பார்த்தால் பிழைக்கிற கால்கள் இவை. பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு வேண்டும், பரிசோதிக்கக் கருவி வேண்டும், பயிற்சி பெற்ற ஓர் ஆள் வேண்டும் என்று செயற்குழுவிடம் போய் நின்றேன். தலைவர் நல்ல மனிதர்தான். "நம்மகிட்ட எங்க மிஸ்ஸி காசு? நீங்களே ஏதாச்சும் ஃபவுண்டேஷன்ல கேட்டுப் பாருங்களேன்," என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கேட்பதற்கு நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பெரிய மனிதரைப் பிடி, பொன்னாடை போர்த்து, பழத்தட்டைக் கொடு, படம் எடு, பிறகு மெதுவாக விஷயத்துக்கு வா. சுபாங் ஜெயாவில், டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதரின் அலுவலகத்துக்கு அப்படித்தான் போனேன். அவர் பத்து நிமிடம் கேட்டார், நடுவில் இரண்டு தொலைபேசி அழைப்புகள். வகுப்பைத் திறந்துவைக்க எத்தனை பேர் வருவார்கள், பத்திரிகைக்காரர்கள் வருவார்களா என்று விசாரித்தார். கண்டிப்பாகச் செய்கிறேன் என்றார். சொன்னபடி செய்யவும் செய்தார். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் கிளினிக் வாசலில் லோரி வந்து நின்றது, உள்ளே பெட்டி பெட்டியாக பிஸ்கட்டும் ஆரஞ்சுச் சர்பத்தும். இனிப்புநீர் கிளினிக்குக்கு! நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம்தான் கோபம் வந்தது. நோயாளிகள் ஆளுக்கு இரண்டு பெட்டி தூக்கிக்கொண்டு, டத்தோ நல்லா இருக்கணும் என்று வாழ்த்திக்கொண்டே இறங்கினார்கள். என்னால் ஒருவரைக்கூடத் தடுக்க முடியவில்லை.

அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் டாக்டர் எனக்கு உதவிக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர், சனிக்கிழமைகளில் கிளினிக்குக்கு இலவசமாக வருவார். என் மகள் வயது. முதல் நாளே என்னை ஆன்டி என்று கூப்பிட்டார், அது எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

"ஆன்டி, நீங்க கேக்கறது டொனேஷன் லா. நமக்கு வேண்டியது கிரான்ட். ரெண்டும் வேற," என்றார்.

"ரெண்டும் காசுதானே?"

"டொனேஷன் குடுக்கறவங்க உங்க முகத்தப் பாப்பாங்க. கிரான்ட் குடுக்கறவங்க உங்க கேள்வியப் பாப்பாங்க. உங்க கேள்வி என்னா?"

என்னிடம் கேள்வி இல்லை, கோபம்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டே தேட ஆரம்பித்தேன்.

நான் கிள்ளானில் இருக்கிறேன். கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரமெல்லாம் கைத்தொலைபேசியில் அறவாரியங்களின், தலைவர் சொன்ன ஃபவுண்டேஷன்களின், இணையப் பக்கங்களைப் படித்தேன். முதல் மாதம் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. எல்லாப் பக்கத்திலும் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். கீழே நிபந்தனைகள் இருக்கும். ஓர் அறவாரியம் ஆரம்பப் பள்ளியோடு நிறுத்திக்கொள்ளும். ஒன்று புற்றுநோய்க்கு மட்டும். வேறொன்று கட்டடம் கட்டக் கொடுக்கும், ஆனால் அதில் வேலை செய்கிறவருக்குச் சம்பளம் கொடுக்காது. ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறவர்கள் இது கல்வித் திட்டம் என்றார்கள், கல்விக்குக் கொடுக்கிறவர்கள் இது ஆராய்ச்சி என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் என் கால் திட்டம் அந்தரத்தில் தொங்கியது. இதயத்துக்கு ஆள் இருக்கிறது, கண்ணுக்கு ஆள் இருக்கிறது, குழந்தைக்குக் கேட்கவே வேண்டாம். கிழவர்களின் உள்ளங்காலைப் படம் எடுத்து முதல் பக்கத்தில் போட எந்த அறவாரியமும் தயாராக இல்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, அந்தப் படத்தை யார் பார்ப்பார்கள்?

மெல்ல மெல்ல வித்தை பிடிபட்டது. அவர்கள் தங்களைப் பற்றி எழுதிக்கொள்ளும் அழகான வரிகளைப் படிக்கவே கூடாது. போன வருடம் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியலை எங்கேயாவது மூலையில் போட்டிருப்பார்கள், நேரே அங்கே போக வேண்டும். பேச்சில் ஏழை மக்கள் என்பார்கள், பட்டியலில் பெரிய பெரிய கழகங்கள்தான் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு எழுதி நேரத்தை வீணாக்குவதை நிறுத்தினேன். அப்புறம், மின்னஞ்சலை நம்பி உட்காரக் கூடாது, போன் போட வேண்டும். ஓர் அறவாரியத்தில் போனை எடுத்த பையன் என்னிடம் உங்கள் திட்டத்தில் புதுமை என்ன என்று கேட்டான். காலைப் பார்ப்பதில் என்னப்பா புதுமை, கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

கடைசியில் கிடைத்தது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்ன அறவாரியம். அவர்கள் பக்கத்தில் படமே இல்லை. பட்டியலில் சின்னச் சின்ன இயக்கங்கள் இருந்தன, செவித்திறன் குறைந்தவர்களுக்கான வகுப்பு, பேறுகாலத் தாய்மார்களைப் பற்றிய ஆய்வு என்று. கடைசித் தேதி முடிந்திருந்தது. இருந்தாலும் போன் போட்டேன். பேசியவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி, அங்கே அதிகாரி. நான் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் மூச்சுவிடாமல் கொட்டியதை முழுக்கக் கேட்டுவிட்டு, அடுத்த சுற்று நான்கு மாதத்தில் வருகிறது, அதற்குள் ஒரு சிறு தொகை தருகிறோம், உங்கள் நோயாளிகளுக்குக் கால் பராமரிப்பு பற்றி என்ன தெரியும், என்ன செய்கிறார்கள் என்று முதலில் அளந்து காட்டுங்கள் என்றார். குறை இருப்பது தெரிந்தால் இரண்டு வருடத்துக்கு மானியம் கேட்கலாம். சுற்றி வளைக்காமல் பேசிய அந்தப் பெண்மணியைத் தொலைபேசி வழியாகவே கும்பிட்டேன்.

டாக்டர் கேள்வித்தாள் தயாரித்தார். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கினார். தமிழில் எழுதும்போது இருவரும் நன்றாகச் சண்டை போட்டோம். அவர் எழுதும் தமிழ் எந்த நோயாளிக்கும் புரியாது, நான் எழுதும் தமிழ் ஆராய்ச்சிக்கு ஆகாது. கடைசியில் நாற்பது பேரை இரண்டு சனிக்கிழமைகளில் கேட்பது என்று முடிவாயிற்று.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நோயாளிதான், என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவர், செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். சுபாங் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் பெக்டரியில் முப்பது வருடம் வேலை செய்து லைன் லீடராக ஓய்வு பெற்றவர். பெக்டரி விட்டாலும் லீடர் பதவி அவரை விடவில்லை. கிளினிக்கில் காத்திருக்கும் பெஞ்சு அவருடைய ராஜ்ஜியம். யார் முதலில் வந்தது, யார் சாப்பிடாமல் வந்தது, யாருக்குத் தலைசுற்றல் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகும் காலையில் ஓர் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, காலுறையும் கேன்வாஸ் சப்பாத்துமாக நேராக வந்துவிடுவார். என் வேலையில் பாதியை அவர்தான் செய்தார் என்றால் மிகையில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். நோயாளிகளிலேயே நான் திட்டாத ஒரே ஆள் அவர்தான்.

முதல் சனிக்கிழமை கேள்வித்தாளை எடுத்து நான் போட்ட முன்னுரையில்தான் வினை தொடங்கியது. இதை வைத்துத்தான் நமக்கு மானியம் கிடைக்கும், அதனால் யோசித்துப் பதில் சொல்லுங்கள் என்றேன். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்.

இரண்டு சனிக்கிழமையும் முடிந்தது. தாள்களைப் புரட்டினேன். ஆறேழு பேரைத் தவிர எல்லாரும் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லியிருந்தார்கள். தினமும் காலைப் பார்க்கிறீர்களா, பார்க்கிறேன். செருப்புக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போடுகிறீர்களா, போடுகிறேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வருடமாகத் தொண்டை வற்றத் திட்டியது வீண் போகவில்லை என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று கொமுட்டரில் வீட்டுக்குப் போகும்போது, பாராட்டு விழாவில் என்ன பேசுவது என்றுகூட யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆன்டி, இது பிரச்சினை."

"என்னா பிரச்சினை? எல்லாரும் நல்லாத்தானே சொல்லியிருக்காங்க."

"இவ்ளோ நல்லா இருந்தா, அப்புறம் எதுக்கு கிளாஸ்? எதுக்கு காசு? அவங்க கேப்பாங்களே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நோயாளிகள் கெட்டுக் கிடந்தால்தான் காசு கொடுப்பார்களா, உருப்பட்டால் கொடுக்க மாட்டார்களா, இது என்ன நியாயம் என்று கத்தினேன். டாக்டர் தாள்களை என் பக்கம் திருப்பினார். எட்டாவது கேள்வி. காலை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று அவர்களுடைய சொந்த வார்த்தையில் எழுதச் சொன்ன கேள்வி. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். அடுத்த தாளிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே. முதல் சனிக்கிழமை காலையில் எழுதிய ஆறேழு பேர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். ஒருவர் "கழுவுவேன்" என்று ஒரே வார்த்தை. ஒருவர் எழுதாமலே விட்டிருந்தார். மற்றவர்கள் எல்லாரும், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள்கூட, ஒரே குரலில் பேசினார்கள்.

அன்று கிளினிக்குக்கு வந்திருந்த அங்கிள் ஒருவரைப் பிடித்து, இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் கைத்தொலைபேசியை எடுத்து, முதல் சனிக்கிழமை மதியமே நோயாளிகளின் வாட்சாப் குழுவில் வந்த குரல்பதிவை ஓடவிட்டார். அக்காவின் குரல்.

"எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க. மிஸ்ஸிக்கு ஆடிட் நடக்குது. நம்ம தப்பா சொன்னா மிஸ்ஸிக்குத்தான் பேரு கெட்டுப்போகும். எட்டாம் நம்பர் கேள்விக்கு நான் சொல்றத அப்படியே எழுதுங்க."

தொடர்ந்து அந்த வரி, நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை. எங்கள் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியிலிருந்து எடுத்திருக்கிறார். சுவரொட்டியை எழுதியது நான்தான்.

அக்கா அன்று கிளினிக்குக்கு வரவில்லை, அன்றே மதியம் செந்தூலுக்குப் போனேன். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனேன். கதவைத் திறந்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது.

"வாங்க மிஸ்ஸி! என்னா, பாஸாயிட்டோமா?"

அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டேன். இது பரீட்சை இல்லை, ஆராய்ச்சி. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால்தான் காசு வரும். நான்கு மாத வேலை பாழ். உங்களை யார் கேட்டது? அக்கா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார், எனக்குத்தான்.

"பெக்டரியில வெளிநாட்டு கஸ்டமர் வருவாங்க மிஸ்ஸி. லைன்ல நடந்துகிட்டே எந்தப் பொண்ணையாச்சும் நிப்பாட்டிக் கேப்பாங்க. ஒரு தடவ ஒரு பொண்ணு உண்மையச் சொல்லிச்சு, எங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கலன்னு. ஆறு மாசத்துல அந்த லைனையே மூடிட்டாங்க. நாப்பது பேருக்கு வேலை போச்சு. அதுக்கப்புறம் என் லைன்ல ஒருத்தர்கூட தப்பா சொன்னதில்ல. நான் விட்டதில்ல. கிளினிக்க மூடிட்டா நாங்கெல்லாம் எங்க போறது?"

மேலிடத்திலிருந்து வருகிற எந்தத் தாளும் நம் ஆட்களுக்குப் பரீட்சைதான், யாருடைய பிழைப்பாவது அதில் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படித்தான் பழகியிருக்கிறோம். எனக்கு வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனால் சண்டைக்கு வந்துவிட்டுத் தோற்றுப் போகவும் மனமில்லை. வாயை அடைப்பதற்காக மட்டும் ஒன்று கேட்டேன்.

"சரி, கண்ணாடி வெச்சுப் பாக்கறேன்னு எழுதுனீங்களே. அந்தக் கண்ணாடிய எடுங்க பாப்போம்."

அக்கா சிரித்தார். எடுக்கவில்லை.

"அப்போ கால காட்டுங்க."

சிரிப்பு நின்றது. கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். வேலைக்குப் போய் வந்த காலுறை இன்னும் காலில் இருந்தது. "வேணாம் மிஸ்ஸி. நீங்க போயி என் காலத் தொடறதா? பாவம் வந்து சேரும்," என்றார். நான் விடவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலது காலுறை இலேசில் வரவில்லை, ஓரிடத்தில் ஒட்டியிருந்தது. வாடை வந்ததும் பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். சுண்டுவிரலுக்குக் கீழே அடிப்பாதத்தில் புண், உள்ளே ஆழமாகப் போயிருந்தது. சுற்றிலும் கறுத்திருந்தது.

"எப்ப இருந்துக்கா இது?"

"எது மிஸ்ஸி? ஒண்ணும் வலிக்கலையே."

அவரால் குனிய முடியாது, இடுப்பு விடாது. குனிந்தாலும் கண் மங்கல். மகன் ஜோகூரில் இருக்கிறார். பக்கத்து வீட்டில் நல்லவர்கள்தான். "அவங்ககிட்ட போயி என் பாதத்தப் பாருங்கன்னா சொல்ல முடியும்? யாரு மேலயாச்சும் கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிற சனம் நம்ம," என்றார். இதை என் வகுப்புத் திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் நான் எழுதியிருக்கவில்லை. கண்ணாடி வாங்கச் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான்.

டாக்சி பிடித்து அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பதிவு செய்யக் காத்திருந்தபோது, தன்னுடைய பச்சைப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். இனிப்புநீர் நோயாளிகள் எல்லாரிடமும் இருக்கும் பதிவேடு அது. எங்கள் கிளினிக்கின் பக்கங்களைப் புரட்டினேன். இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், எடை. கடைசியாகக் கால் என்று ஒரு கட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கட்டத்தில் ஒரு சரி அடையாளம், பக்கத்தில் என் கையெழுத்து. ஆறு வருடம். ஒருமுறைகூட நான் அந்தக் காலுறையைக் கழற்றச் சொன்னதில்லை. பெஞ்சில் இன்னும் இருபது பேர் காத்திருப்பார்கள், என் முட்டியும் வலிக்கும். கால் பாக்கறீங்களாக்கா என்று கேட்பேன், பாக்கறேன் மிஸ்ஸி என்பார், போட்டுவிடுவேன். என்னுடைய செல்ல நோயாளி, அவர் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கை வேறு. நான் காலுக்கு மானியம் தேடி ஊரெல்லாம் அலைந்த அத்தனை மாதமும் அந்தக் கால் என் மேசைக்கு இரண்டடி தள்ளித்தான் இருந்தது. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது. வலி தெரியாமல் அக்கா என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

அறவாரியத்துக்கு எழுத வேண்டியிருந்தது. டாக்டர் நாகரிகமாக ஒரு கடிதம் தயாரித்தார். பங்கேற்றவர்கள் தங்களுக்குள் பதில்களைப் பகிர்ந்துகொண்டதால் முடிவுகளை நம்ப முடியாது, மீண்டும் அளக்க வாய்ப்புத் தாருங்கள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுத்தியது. பழி முழுக்கப் படிக்காதவர்கள் தலையில் விழுகிறது, நான் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறேன். இன்னொரு பத்தி சேர்த்தேன். எங்கள் நோயாளிகளுக்குக் காலை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரியும். சொல்லச் சொன்னால் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தக் காலை யாரும் பார்ப்பதில்லை. அவர்களால் முடிவதில்லை, பிறரிடம் கேட்கக் கூச்சம், பார்க்க வேண்டிய நானும் பார்க்காமலே பார்த்ததாக எழுதி வந்திருக்கிறேன். நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி உங்களுக்கு என்ன தெரியும் என்பது இல்லை, உங்கள் பாதத்தை யார் பார்க்கிறார்கள் என்பதுதான்.

"ஆன்டி, கடைசி லைன் சூப்பர். ஆனா உங்களப் பத்தி எழுதுனத எடுத்துருங்க," என்றார் டாக்டர். "அவங்க அதக் கேக்கவே இல்லையே. கிளினிக் பேரு போயிரும். அப்புறம் யாருமே காசு குடுக்க மாட்டாங்க."

செயற்குழுத் தலைவரும் அதையே சொன்னார். இருவரும் சொன்னதில் தவறில்லை. மூன்று நாள் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பெயர் கெடக்கூடாது என்றுதான் அக்காவும் குரல்பதிவு அனுப்பினார். நான் அந்தப் பத்தியை எடுத்தால் அவரைத் திட்டியதற்கு எனக்கு என்ன யோக்கியதை? அப்படியே அனுப்பினேன்.

அதற்குள் கிளினிக்கில் எல்லாருடைய காலுறையையும் கழற்ற ஆரம்பித்திருந்தேன். முனகல், வெட்கம், வரிசை நகரவில்லை என்று சச்சரவு. முதல் வாரத்திலேயே இன்னும் இரண்டு புண்களைக் கண்டுபிடித்தேன், இரண்டும் சின்னவை, ஆறிவிட்டன. இதற்கு மானியம் எதற்கு, இரண்டு கை போதுமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். ஆனால் என் முட்டி எத்தனை காலத்துக்குக் குனியும்? நான் வராத நாட்களில் யார் பார்ப்பார்கள்? கிளினிக்குக்கே வராதவர்களை? பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவர் காலை ஒருவர் பார்க்கப் பழக்க முடியுமா, அந்தக் கூச்சத்தை எப்படிப் போக்குவது? இதையெல்லாம் நல்ல மனசு மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆள் வேண்டும், காலம் வேண்டும், காசு வேண்டும். மானியத்தின் மேல் எனக்கு மரியாதை வந்ததே அப்போதுதான்.

அறவாரியத்துப் பெண்மணி தானே அழைத்தார். கடிதத்தை எல்லாரும் படித்தோம், நன்றி என்றார். ஆனால் நீங்கள் எடுத்த கணக்கெடுப்பு செல்லாததாகிவிட்டது, விதிப்படி இந்தச் சுற்றில் பெரிய மானியம் தர வழியில்லை. அடுத்த சுற்றுக்குப் புதிய கேள்வியோடு புதிதாக விண்ணப்பிக்கலாம், மற்றவர்களோடு சேர்த்துத்தான் பார்ப்போம், வாக்குறுதி எதுவும் தர முடியாது. எப்போதும்போல் நேராகப் பேசினார். கத்த வேண்டும்போல் இருந்தது, கத்துவதற்கு ஆள்தான் யாரும் இல்லை.

அன்று மதியம் பார்வையாளர் நேரத்துக்கு மருத்துவமனைக்குப் போனேன். அக்காவின் காலைக் காப்பாற்ற இரண்டு வாரம் முயன்றார்கள். முடியவில்லை. நான்கு நாள் முன்னால் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் சுருங்கிப் போயிருந்தது. அந்த நிலையிலும் பக்கத்துக் கட்டில்காரம்மா மருந்து சாப்பிட்டாரா என்று அதட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டது இதுதான்.

"காசு வந்திருச்சா மிஸ்ஸி?"

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். "இல்லக்கா. இந்தத் தடவ முடியாதுன்னுட்டாங்க."

போர்வையை நீவிவிட்டுக்கொண்டார். "என் மேலதான் தப்பு," என்றார். "எல்லாரும் ஒரே மாதிரி எழுதிட்டாங்க லா. ஆளுக்கொரு மாதிரி மாத்தி எழுதச் சொல்லியிருக்கணும். பெக்டரியில அப்படித்தான் சொல்லிக் குடுப்பேன். வயசாயிருச்சு, மறந்துட்டேன்."

"அக்கா, தப்பு உங்க மேல இல்ல. ஆறு வருஷமா உங்க காலப் பாக்காமலே பாத்தேன்னு எழுதிட்டு வந்திருக்கேன். தப்பு என் மேல."

"நீங்க ஒருத்தரு, மிஸ்ஸி," என்றார், எனக்குச் சமாதானம் சொல்வதற்காக. "எத்தன பேருக்குத்தான் பாப்பீங்க?"

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினேன். இடது கால் இருந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

"ஐயோ, விடுங்க மிஸ்ஸி! எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பாதத்தைத் தூக்கி அடியில் பார்த்தேன். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் குதிகாலைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தபோது, திரும்பாமலே, யாரோ ஒருவரின் பிள்ளையைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"எப்படி இருக்கு மிஸ்ஸி?"

அத்தனை வருடத்தில் தன் காலைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. குதிகாலில் சின்னதாக ஒரு வெடிப்பு இருந்தது. இருப்பதை இருக்கிறபடியே சொன்னேன்.